காற்றில் சார்ஜ் ஆகும் படகு!

குட்டீஸ், பாய்மரப் படகு காற்றில்தானே ஓடும், அதற்கு எதற்கு இன்ஜின் என்று கேட்கிறீர்களா? நடுக்கடலில் காற்று நின்றுவிட்டால் படகும் நின்றுவிடுமே! நெரிசலான துறைமுகத்துக்குள் நுழையவும் பாயை மட்டும் நம்ப முடியாது. அதனால், நீண்ட பயணம் போகும் பாய்மரப் படகுகளில் டீசல் இன்ஜினும் இருக்கும். கூடவே புகையும், சத்தமும்! இப்போது சில படகுகளில் அதற்குப் பதிலாக மின்சார மோட்டார் வந்துவிட்டது.

சரி, நடுக்கடலில் பேட்டரியை எப்படி சார்ஜ் செய்வது?

சைக்கிள் டைனமோவை நினைத்துப் பாருங்கள். சக்கரம் சுற்றினால் டைனமோவும் சுற்றும், விளக்கு எரியும். அதேபோல, காற்றில் படகு வேகமாக ஓடும்போது, படகின் அடியில் உள்ள புரொப்பெல்லரைத் தண்ணீர் சுழற்றும். உடனே மோட்டாரே டைனமோவாக மாறி, பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும். ஆனால், டைனமோ போட்டால் சைக்கிள் மிதிக்கக் கஷ்டமாக இருக்கும் அல்லவா? படகின் வேகமும் அப்படித்தான் கொஞ்சம் குறையும்.

துணிச்சல்கார தாத்தா!

1519ல் ஸ்பெயினின் செவில் நகரிலிருந்து மெகல்லன் தலைமையில் கப்பல்கள் புறப்பட்டன. வழியில் அவர் இறந்துவிட, எல்கானோ 1522ல் உலகைச் சுற்றி முடித்துத் திரும்பினார். அதே வழியில், ஒரு சொட்டு டீசல்கூட இல்லாமல் போக நினைத்தார் ஜிம்மி கார்னெல் என்ற மாலுமி. 2020ல், 80 வயதில், 'அவென்ச்சுரா ஸீரோ' என்ற மின்சாரப் பாய்மரப் படகில் செவிலிலிருந்து கிளம்பினார்.

கேனரி தீவுகளோடு பயணம் நின்றது! கொரோனா ஒரு தடை. இன்னொரு தடை மின்சாரம். தானாகத் திசை பிடிக்கும் கருவி, ஃபிரிட்ஜ், அடுப்பு எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். வரவைவிடச் செலவு அதிகமாகிவிட்டது. அதை மறைக்காமல் அவரே வெளியே சொன்னார்.

ஏன் இந்தச் சிக்கல்? ஒரு கிலோ டீசலில் உள்ள ஆற்றல், படகில் வைக்கும் ஒரு கிலோ லித்தியம் பேட்டரியில் உள்ளதைப் போல 50 மடங்குக்கும் மேல்! அதனால்தான் பலர் 'ஹைபிரிட்' முறையை விரும்புகிறார்கள். துறைமுகத்தில் சத்தமில்லாத மின்சார மோட்டார். சார்ஜ் தீர்ந்தால் மட்டும் டீசல் இன்ஜின்.

இன்னொரு வழியும் உண்டு. மெதுவாகப் போவது! வேகத்தைப் பாதியாகக் குறைத்தால், மோட்டாருக்குச் சுமார் எட்டில் ஒரு பங்கு மின்சக்தி போதும்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு: முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடும் படகு, அதே சார்ஜில், பாதி வேகத்தில் போனால் எத்தனை மடங்கு தூரம் போகும்?

விடை: 8 மணி நேரம் ஓடும், 4 மடங்கு தூரம் போகும்!