நனைந்தும் குளிராத உடை

சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமத்தாருக்குச் சுரைப்புருடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்த சுரைக்காயை முதுகில் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கித்தான் அங்கே பலர் நீச்சல் பழகினார்கள். மார்கழி விடியலிலும் அந்தக் கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருக்கும். ஆகவே, குளிருக்காக உடை அணிந்து நீந்துவோர் உண்டு என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம்.

எல்லா நீரும் நம் ஊர்க் கிணற்று நீர் அன்று. 1994இல் தமிழ்நாட்டுச் சிறுவன் குற்றாலீசுவரன் நீந்திக் கடந்த ஆங்கிலக் கால்வாயின் நீர், கோடையிலும் 15 முதல் 18 பாகை செல்சியஸ் அளவிலேயே இருக்கும். நீர், காற்றைவிட 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தக்கூடியது. நம் உடலின் உள்வெப்பம் 37 பாகை. அது 35 பாகைக்குக் கீழே இறங்கினால் கைகால் சோர்ந்துவிடும், அறிவும் தடுமாறும்.

அக்கால்வாயை மரபு விதிப்படி நீந்துவோருக்குக் குளிர் காக்கும் உடை அனுமதிக்கப்படுவதில்லை. ஆனால் நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்த 'டிரையத்லான்' போட்டியில், நீர் குளிர்ந்திருந்தால் 'வெட்சூட்' அணியலாம். இதை 'நனையுடை' என்று சொல்லலாம்.

நனைந்தால் குளிராதா?

இந்த உடைக்குள் தண்ணீர் புகும், உடலும் நனையும். பிறகு குளிர் எப்படித் தடுக்கப்படுகிறது? உடை, 'நியோப்ரீன்' என்னும் செயற்கை ரப்பர் நுரையால் ஆனது. அதனுள் எண்ணற்ற நுண்ணிய வாயுக் குமிழிகள் அடைபட்டுள்ளன. வாயு வெப்பத்தை எளிதில் கடத்தாது. உள்ளே புகுந்த மெல்லிய நீர்ப்படலம் உடல் சூட்டில் வெதுவெதுப்பாகி அங்கேயே தங்கிவிடுகிறது. உடல் நனைந்தாலும், உடையில் வாயு இருந்தால் குளிரைத் தடுக்கலாம் என்பதை உணர்ந்து, 1950களின் தொடக்கத்தில் இவ்வுடையை உருவாக்கியவர் அமெரிக்க இயற்பியலறிஞர் ஹியூ பிராட்னர்.

இக்குமிழிகளால் இன்னொரு பயனும் உண்டு. சுரைப்புருடைக்குள் இருக்கும் காற்று உங்களை மிதக்க வைத்தது அல்லவா? அதே வேலையைக் குமிழிகளும் செய்கின்றன. கால்கள் தாழாமல் மேலெழுவதால் நீரின் தடை குறைகிறது; நீந்துபவர் விரைந்து செல்கிறார். இதனால்தான் போட்டி விதிகள் உடையின் தடிப்பை 5 மில்லிமீட்டருக்குள் நிறுத்தியுள்ளன.

அளவு பார்ப்பது எப்படி?

வளரும் பிள்ளைக்குப் பள்ளிச் சீருடையை ஒரு சுற்றுப் பெரிதாக எடுப்பது நம் வழக்கம். நனையுடைக்கு அது ஆகாது. தொளதொளவென்றிருந்தால் வெதுவெதுப்பான நீர் வெளியேறி, குளிர்ந்த நீர் ஓயாமல் உள்ளே வந்துகொண்டிருக்கும். உயரம், எடை, மார்புச் சுற்று மூன்றையும் அளந்து தேர்ந்தெடுங்கள்.

அணியும்போது முதலில் கால்களை நுழைத்து, உடையைக் கவட்டை வரை நன்றாக ஏற்றுங்கள். பிறகே கைகள். நகத்தால் இழுத்தால் நுரை கிழியும். விரல் நுனியின் சதையால் பற்றுங்கள். இடுப்பின் பின்புறமும் அக்குளும் உப்பி நிற்கக் கூடாது. கழுத்துப் பட்டி ஒட்டியிருக்க வேண்டும். மூச்சை நெருக்கக் கூடாது. கைகளைச் சுழற்றிப் பாருங்கள். தோள் இழுத்தால் துணியை மேலே ஏற்றிவிடுங்கள்; அப்போதும் இழுத்தால் அந்த அளவு உங்களுக்கு உரியதன்று. தரையில் சற்று இறுக்கமாகத் தோன்றுவது நீரில் இளகும். போட்டிக்கு முன்பே அணிந்து நீந்திப் பழகுவது அவசியம்.

எப்போது கூடாது?

நீந்தும் தசைகள் வெப்பத்தை உண்டாக்குகின்றன. வெதுவெதுப்பான நீரில் அந்த வெப்பம் வெளியேற வழியின்றி உடல் கொதிக்கத் தொடங்கும். 2010இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் புஜைரா கடலில் நடந்த 10 கிலோமீட்டர் போட்டியில், அமெரிக்க வீரர் பிரான் கிரிப்பன் உயிரிழந்தார். அவர் நனையுடை அணிந்திருக்கவில்லை. அன்றைய நீரே மிகச் சூடாக இருந்தது. அத்தகைய நீரில் இவ்வுடையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். டிரையத்லான் போட்டியில், பொதுப் பிரிவினர் 1500 மீட்டர் வரை நீந்தும்போது, நீர் 22 பாகையை எட்டிவிட்டால் இவ்வுடைக்கு இடமில்லை.

உங்கள் ஊர்க் கிணற்று நீரை வாளியில் சேந்தி, உடனே வெப்பமானியால் அளந்து பாருங்கள். மார்கழியிலும் சித்திரையிலும் அளந்து குறித்து வையுங்கள். 22 பாகைக்குக் கீழே அது என்றேனும் இறங்குகிறதா? இறங்காவிட்டால், நம் ஊர் நீருக்கு வெறும் உடம்பே ஏற்ற உடை என்பதை நீங்களே கண்டறிந்துவிடுவீர்கள்.