முதலிடம் யாருக்கு?



பலருள் சிறந்தவர் யார் என்று வரிசைப்படுத்திப் பார்ப்பது மனித இயல்பு. அமெரிக்காவில் பேஸ்பால் என்னும் பந்தாட்டத்தில் ஈடுபாடு கொண்டோர், தத்தம் குழுவின் வரலாற்றிலே தலைசிறந்த ஆட்டக்காரர் யார் என்று ஓயாது வாதிடுவர். அவ்வாதத்தை நடத்தவேண்டிய முறையை, டாட்ஜர்ஸ் என்னும் குழுவைக் கொண்டு இன்று விளக்க விரும்புகிறேன். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஆடிவந்த அக்குழு, 1958ஆம் ஆண்டுமுதல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஆடிவருகிறது.

பேஸ்பாலில் பக்கத்துக்கு ஒன்பது பேர். ஒருவர் பந்தை எறிவார். எதிர்ப்பக்கத்தார் அதனை மட்டையால் அடித்து, நான்கு நிலைகளைச் சுற்றி ஓடிவர முயல்வர். எறிபவரின் பணி மிகப் பெரிது. ஆகையால் ஒவ்வொரு வெற்றியையும் ஒரு பந்தெறிவாளரின் கணக்கில் எழுதிவைப்பது வழக்கம்.

இக்கணக்கே அளவுகோலாயின் முதலிடம் டான் சட்டனுக்கு உரியது. டாட்ஜர்ஸ் குழுவுக்காக அவர் பெற்ற வெற்றிகள் 233. அக்குழுவில் அவரை விஞ்சியவர் இலர். சேண்டி கூஃபாக்ஸ் பெற்றவையோ 165தான். முதல் ஆறு ஆண்டுகளில் 36 வெற்றிகளே பெற்ற அவர், 1961 முதல் 1966 வரையிலான ஆறு ஆண்டுகளில் 129 வெற்றிகளைக் குவித்தார். சிறந்த பந்தெறிவாளருக்குரிய சை யங் விருதை மும்முறை பெற்றார். இடது முழங்கையின் மூட்டுநோயால் முப்பதாம் வயதிலேயே ஓய்வு பெற்றார். நெடிது உழைத்தவர் பெரியவரா, குறுகிய காலத்தில் சிகரம் தொட்டவர் பெரியவரா? 2008 முதல் 2025 வரை ஆடிய கிளேட்டன் கெர்ஷா, 223 வெற்றிகளும் மூன்று சை யங் விருதுகளும் பெற்று, இவ்விரு சிறப்பையும் தம்மிடம் சேர்த்துக் காட்டினார்.

விடைத்தாளைத் திருத்துமுன் மதிப்பெண் திட்டத்தை எழுதிவைக்கவேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் கற்ற பாடம். திட்டமின்றி இடும் மதிப்பெண் நீதியாகாது. ஆயினும், தேர்வு எழுதவே அனுமதிக்கப்படாதவனின் திறமையை எந்தத் திட்டம் அளக்கும்?

இவ்வினாவை எழுப்புபவர் ஜாக்கி ராபின்சன். கறுப்பின மக்களை முதன்மைப் போட்டிகளில் சேர்க்காத கொடுமை, அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்நாட்டில் நிலவியது. 1947 ஏப்ரல் 15ஆம் நாள் ராபின்சன் டாட்ஜர்ஸ் குழுவில் ஆடியபோது அத்தடை உடைந்தது. அப்போது அவருக்கு வயது 28. இகழ்ச்சியும் மிரட்டலும் சூழ ஆடிய அவர், 1949இல் தம் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்னும் விருதைப் பெற்றார். அவர் ஆடிய பத்து ஆண்டுகளில் குழு ஆறுமுறை லீக் முதன்மை பெற்றது. பந்தடிப்பதில் பெரும்புகழ் பெற்ற ஜாஷ் கிப்சன் என்னும் கறுப்பினத்தவரோ, அக்கதவு திறப்பதற்கு மூன்று திங்கள் முன்னரே, 1947 ஜனவரியில் காலமானார். இழந்த ஆண்டுகளுக்குக் கணக்கேட்டில் இடமில்லை.

எனவே என் திட்டத்தில், ஆற்றலோடு, அது வெளிப்படத் தாண்டிய தடைக்கும் மதிப்பெண் உண்டு. அதன்படி ராபின்சனே முதல்வர். அவருக்கு அடுத்து கூஃபாக்ஸ், கெர்ஷா, சட்டன். 1997ஆம் ஆண்டில் ராபின்சனின் 42ஆம் எண்ணை, முதன்மைப் போட்டிகளில் ஆடும் எல்லாக் குழுக்களுமே அவர் நினைவாக ஒதுக்கிவைத்தன.

இவ்வரிசையை நீங்கள் மாற்றலாம், எனக்கு வருத்தமில்லை. ஆனால் உங்கள் அளவுகோல் இன்னதென்று முதலிற் கூறிவிட்டு மாற்றுங்கள். எந்தப் பட்டியலைப் படித்தாலும், அதில் இடம்பெறும் வாய்ப்பே இல்லாதிருந்தவர் யாவர் என்றும் கேளுங்கள்.