கம்பைலர் மறுத்தால் காரணம் இருக்கிறது

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகளுக்குப் பக்கத்திலேயே ஐ.டி. பார்க்குகளும் இருக்கின்றன. அங்கே வேலைக்குப் போக ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் ஜாவா படிக்கும் பிள்ளைகளுக்கு இன்ஹெரிட்டன்ஸ் தெரியும், ஜெனரிக்ஸும் தெரியும். இரண்டும் சேரும் இடத்தில்தான் தடுமாற்றம்.

பட்டறை ஒன்றின் ஸ்டோர் கணக்கை எடுத்துக்கொள்வோம். ‘பார்ட்’ ஒரு கிளாஸ். ‘போல்ட்’, ‘பேரிங்’ இரண்டும் அதன் வாரிசுகள். போல்ட் ஒரு பார்ட்தான். ஆனால் போல்ட் லிஸ்ட், பார்ட் லிஸ்ட் ஆகாது. ஆகுமென்று விட்டால், பார்ட் என்ற பெயரில் அதற்குள் பேரிங்கையும் போட்டுவிடலாம். அதனால்தான் கம்பைலர் மறுக்கிறது. உள்ளே குறித்த டைப் மாறாதவரை வாரிசுரிமை செல்லும்: போல்ட் அரேலிஸ்ட், போல்ட் லிஸ்ட்தான்.

ஆபத்து எங்கே?

அரேக்கு இந்தக் காவல் இல்லை. போல்ட் அரேயைப் பார்ட் அரேயாகக் கொடுத்தால் கம்பைலர் ஏற்கும். அதில் பேரிங்கை வைக்கும்போது, ஓடும் நிரல் அரேஸ்டோர்எக்ஸெப்ஷனில் நிற்கும். அதைவிட மோசம் டைப் குறிக்காத வெறும் லிஸ்ட். 2004-இல் ஜாவா 5-உடன் ஜெனரிக்ஸ் வந்தபோது, பழைய நிரல்களும் ஓட வேண்டுமென்று, கம்பைல் ஆனதும் டைப் விவரத்தை அழித்துவிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஆகவே தவறான பொருள் சத்தமில்லாமல் உள்ளே போகும். பிறகு எடுக்கிற இடத்தில், வேறொருவர் எழுதிய வரியில், கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன் வரும்.

உங்கள் உரிமைகள்

லிஸ்டின் டைப் இடத்தில் ‘? எக்ஸ்டெண்ட்ஸ் பார்ட்’ என்று எழுதினால் எந்த வாரிசின் லிஸ்டையும் வாங்கிப் படிக்கலாம். ‘நல்’ (null) தவிர எதையும் சேர்க்க முடியாது. ‘? சூப்பர் போல்ட்’ என்றால் போல்ட்டைச் சேர்க்கலாம். எடுப்பது வெறும் ஆப்ஜெக்டாகத்தான் கிடைக்கும். பொருளைத் தரும் லிஸ்டுக்கு எக்ஸ்டெண்ட்ஸ், பெறும் லிஸ்டுக்கு சூப்பர் என்பது ஜோஷுவா பிளாக் ‘எஃபெக்டிவ் ஜாவா’வில் சொன்ன விதி. படிக்கவும் சேர்க்கவும் வேண்டுமா? கேள்விக்குறியே வேண்டாம், டைப்பை நேராகக் குறியுங்கள்.

தீர்வு என்ன?

• வெறும் லிஸ்டைப் புது நிரலில் எழுதாதீர்கள்.
• ஜாவாசி கம்பைலரை ‘எக்ஸ்லின்ட்: அன்செக்ட்’ ஆப்ஷனோடு ஓட்டுங்கள், சந்தேகத்துக்குரிய வரிகளைக் காட்டும்.
• தவறான பொருள் எங்கே நுழைகிறது என்று பிடிபடவில்லையா? லிஸ்டைக் கலெக்‌ஷன்ஸ் கிளாஸின் ‘செக்ட்லிஸ்ட்’டில் சுற்றுங்கள், நுழையும் இடத்திலேயே பிழை காட்டும்.
• எச்சரிக்கையை அடக்கும் ‘சப்ரஸ்வார்னிங்ஸ்’ஸை, டைப் சரியென்று உறுதியான இடத்தில் மட்டும், காரணத்தையும் கமெண்டில் எழுதிப் போடுங்கள். பில்ட் பச்சையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒருபோதும் போடாதீர்கள்.