உங்களுக்குத் தெரியுமா? கொங்கு லாரியும் கையிலுள்ள போனும்

● பொள்ளாச்சி நாச்சிமுத்துக் கவுண்டர் 1931-இல் தொடங்கிய ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட்தான் இன்றைய ஏ.பி.டி. ஆள் ஏற்றிய நிறுவனம் பிறகு பார்சலும் ஏற்றியது. சரக்கை வெளியாரிடம் ஒப்படைப்பது கொங்கில் நேற்று வந்த வழக்கமல்ல.

● திருப்பூர் பனியனுக்கு நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், பிரிண்டிங் இன்னோரிடம். பெரும்பாலும் ஜாப் ஒர்க். 2005-இல் வந்த டாடா ஏஸ், அதாவது நம் ‘குட்டி யானை’, சந்துக்குள் புகுந்து துணி ரோல் ஏற்ற வாகாக அமைந்தது.

● 2017 ஜூலைக்கு முன், கேரளா போகும் லாரிகள் வாளையார் வணிகவரிச் சோதனைச் சாவடியில் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். டிரைவர்கள் ரோட்டோரமே சமைத்து, வண்டியிலேயே படுப்பார்கள். ஜி.எஸ்.டி. வந்தது, அந்தக் காத்திருப்பு போனது. 2018 ஏப்ரல் 1 முதல், மாநிலம் தாண்டும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் என்ற மின்னணுச் சீட்டு கட்டாயம். சாதாரண லாரிக்கு 200 கி.மீ.க்கு ஒரு நாள் கெடு. 2020 வரை 100 கி.மீ.க்கே ஒரு நாள் கொடுத்தார்கள். வழியில் வண்டி நின்றுவிட்டால் சரக்கை வேறு லாரிக்கு மாற்றலாம், ஆனால் புது வண்டி நம்பரைப் பதிந்தாக வேண்டும். கெடு முடிய 8 மணி நேரம் இருக்கும்போதிலிருந்து, முடிந்து 8 மணி நேரம் வரை நீட்டிப்புக் கேட்கலாம். ஸ்டியரிங் பிடிக்கும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்; நடுரோட்டில் அதிகாரிக்குப் பதில் சொல்வது அவர்தானே!

● தென்னிந்திய எல்.பி.ஜி. டேங்கர் லாரி உரிமையாளர்கள் சங்கத்தின் தலைமையிடம் நாமக்கல். எண்ணெய் நிறுவனங்களின் கேஸ் பெரும்பாலும், டெண்டர் எடுத்த தனியார் லாரிகளில்தான் போகிறது. அவர்கள் ஸ்டிரைக் என்றால் அண்டை மாநிலங்களும் கவலைப்படும்.

● ரிட்டர்ன் லோடுக்குப் புரோக்கர் ஆபீஸ் வாசலில் தவம் கிடந்த காலம் மாறி வருகிறது. பெங்களூரில் 2015-இல் பிறந்த பிளாக்பக் போன்ற செயலிகளில் லோடு போனிலேயே வருகிறது. லாரி எப்போது குடோனுக்கு வந்தது, எவ்வளவு நேரம் இறக்காமல் நிறுத்தினார்கள் என்பதும் ஜி.பி.எஸ்.ஸில் பதிவாகிறது. தாமதத்துக்கு டிரைவரைக் கேள்வி கேட்க உதவும் அதே பதிவை வைத்து, ஹால்டிங் காசையும் அவருக்கான பேட்டாவையும் கணக்குப் பார்த்துக் கொடுப்பதுதான் நியாயம்.

● 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். கேபின் கட்டித் தரும் நாமக்கல் பட்டறைகளுக்கும் இது புது வேலை. அதற்கு முன் தயாரான வண்டிகளுக்கு இந்த விதி இல்லை. அவற்றை ஓட்டுபவர்களுக்கு உரிமையாளர்கள் மனம் வைத்தால்தான் உண்டு.