காதழகர் செய்த வேலை

அதியமான் என்றதும் உங்களுக்கு யார் நினைவுக்கு வருகிறார்? ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சிதானே? அவர் ஆண்ட தகடூர்தான் இன்றைய தருமபுரி. அது சங்ககாலம்.

அத்துடன் அந்தக் குடும்பத்தின் கதை முடிந்துவிட்டதா? இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, அந்த மரபில் வந்ததாகச் சொல்லிக்கொண்ட ஒருவர் தகடூரை ஆண்டார். அவர் பெயர் விடுகாதழகிய பெருமாள்.

வேடிக்கையான பெயராக இருக்கிறதா? காது குத்தி, துளையைப் பெரிதாக்கி, தோளை நோக்கித் தொங்கும்படி வளர்ப்பது அந்தக் கால வழக்கம். அதற்கு 'விடுகாது' என்று பெயர். அப்படிப்பட்ட காதால் அழகு பெற்றவர் இவர்!

இவருடைய தந்தை ராஜராஜ அதிகன். சோழர் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொள்வது அக்காலச் சிற்றரசர்களின் வழக்கம். விடுகாதழகியார் வாழ்ந்தது சோழப் பேரரசர் மூன்றாம் குலோத்துங்கன் (கி.பி. 1178-1218) காலத்தில்.

போளூர் அருகே திருமலை என்ற சமண மலை இருக்கிறது. பாறையில் செதுக்கிய 16 அடி உயர நேமிநாதர் சிலை அங்கேதான் உள்ளது. அந்த மலையில் சேர மரபைச் சேர்ந்த எழினி என்ற அதியமான் முன்பு யட்சன், யட்சி சிலைகளைச் செய்து வைத்திருந்தார். காலப்போக்கில் அவை பழுதாகிவிட்டன. விடுகாதழகியார் என்ன செய்தார் தெரியுமா? அவற்றைச் சீர்செய்து மீண்டும் மலைமேல் ஏற்றி வைத்தார். அடித்து ஒலிக்கும் மணி ஒன்றைக் கொடுத்தார். ஏரிக்குக் கால்வாயும் அமைத்துத் தந்தார். தாத்தா நட்ட மரத்துக்குப் பேரன் தண்ணீர் ஊற்றுவதுபோல!

இதே காலத்தில் இங்கிலாந்தில் வில்லியம் மார்ஷல் என்ற புகழ்பெற்ற பிரபு இருந்தார். அவர் 1219இல் இறந்தார். அவருடைய மூத்த மகன், தந்தையின் வரலாற்றை 19 ஆயிரம் வரிகளுக்கு மேல் நீண்ட பாட்டாக எழுதச் செய்தார். அதனால் அவரைப் பற்றி எவ்வளவோ தெரிகிறது.

நம் விடுகாதழகியாருக்கு அப்படி ஒரு புத்தகம் இல்லை. கல்வெட்டுகள்தான் உண்டு. திருமலைக் கல்வெட்டில் தமிழும் வடமொழியும் இருக்கின்றன. வடமொழியில் அவர் பெயரைக்கூட மொழிபெயர்த்து, 'வ்யாமுக்த ச்ரவணோஜ்வல' என்று வெட்டியிருக்கிறார்கள்! எழினி சிலை செய்ததும், தந்தையின் பெயரும் நமக்குத் தெரிவது அந்தக் கல்லால்தான். அது உடைந்திருந்தால்?

மொரப்பூர்ப் பிள்ளைகளே, இன்னொரு கல்வெட்டு உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கம்பைநல்லூர் தேசிநாதேசுவரர் கோயிலில்தான்! சமண மலையில் சிலையைச் சீர்செய்தவரின் பெயர் சிவன் கோயில் கல்லிலும் இருக்கிறது, பாருங்கள்.

கோயில் சுவர்களில் எழுத்துகளைக் கண்டால் ஆணியால் கீறாதீர்கள். சுண்ணாம்போ பெயிண்டோ அடிக்க யாராவது வந்தால், "இது கல்வெட்டு, வேண்டாம்" என்று பணிவாகச் சொல்லுங்கள். உங்கள் ஆசிரியரிடமும் தெரிவியுங்கள்.

முன்னோர் செய்ததை விடுகாதழகியார் காப்பாற்றினார். அவர் விட்டுச்சென்ற கல்லை யார் காப்பாற்றுவது? நீங்கள்தான்!