நன்றிக்கும் ஒரு கணக்கு உண்டு

சாப்பிட்டு எழுந்தால், தும்மினால், பரீட்சையில் பிள்ளை தேறினால், நான்கு நாள் காய்ச்சல் விட்டால், ‘எப்படி இருக்கீங்க’ என்று யாராவது விசாரித்தால் என எல்லாவற்றுக்கும் முஸ்லிம் வீடுகளில் வரும் ஒரே பதில் ‘அல்ஹம்துலில்லாஹ்’. புகழெல்லாம் இறைவனுக்கே என்று சொல்லி அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இப்படி மூச்சுக்கு மூச்சு சொல்லப்படும் நன்றி வெறும் வாய்ப்பழக்கமாகத் தேய்ந்துவிடாதா என்ற சந்தேகம் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மட்டும் வருவதல்ல. மார்க்க அறிஞர்களும் நூற்றாண்டுகளாக அதை எழுப்பியிருக்கிறார்கள். அவர்கள் கண்ட விடை எளியது, ஆனால் கறாரானது. நன்றி மனத்தில் தோன்றி வாயில் முடிந்துவிடக் கூடாது. அது செலவில் தெரிய வேண்டும். இருப்பதில் நிறைவு, வாழ்க்கையில் முன்னேறும் ஆசை, எளிமை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதாகத்தான் நமக்குத் தோன்றுகிறது. நன்றியை ஓர் உணர்ச்சியாக மட்டும் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. அதை ஒரு கணக்காகப் பார்க்கத் தொடங்கினால் மூன்றும் தத்தம் இடத்தில் போய் உட்காரும்.

இதை மிக விரிவாக அலசியவர் இமாம் கஸ்ஸாலி. இன்றைய ஈரானில் உள்ள தூஸ் நகரைச் சேர்ந்தவர். 1091இல் பக்தாதின் நிஜாமிய்யா கல்விக்கூடத்தில் தலைமை ஆசிரியராக அமர்த்தப்பட்டார். புகழும் அரசவைச் செல்வாக்கும் நிறைந்த அந்தப் பதவியை 1095இல் உதறிவிட்டுக் கிளம்பினார். அவருடைய ‘இஹ்யா உலூமித்தீன்’ நாற்பது பகுதிகள் கொண்ட பெருநூல். அதில் ஒரு முழுப் பகுதி பொறுமைக்கும் நன்றிக்கும் ஒதுக்கப்பட்டது. கிடைத்தது எங்கிருந்து வந்தது என்று அறிவது நன்றியின் முதல் படி, அந்த அறிவால் மனம் மகிழ்வது இரண்டாம் படி, கிடைத்த பொருளை அது எதற்காகத் தரப்பட்டதோ அதற்கே பயன்படுத்துவது மூன்றாம் படி என்று அவர் பிரிக்கிறார். மூன்றாம் படியில்தான் பிடி இறுகுகிறது. தேவையில்லாமல் ஒரு மரக்கிளையை ஒடிப்பவனையும் அவர் நன்றி மறந்தவர் பட்டியலில் சேர்க்கிறார். மரம் வளர்ந்த நோக்கத்தையும் அவன் கெடுத்தான், கை கொடுக்கப்பட்ட நோக்கத்தையும் கெடுத்தான் என்பது காரணம்.

பணத்தைப் பற்றி அதே பகுதியில் அவர் சொல்வது இன்றைய பொருளியல் மாணவருக்கும் வியப்பூட்டும். ஒருவரிடம் குங்குமப்பூ இருக்கிறது, அவருக்கு வேண்டியது ஒட்டகம். ஒட்டகம் வைத்திருப்பவருக்குக் குங்குமப்பூ தேவை. எத்தனை குங்குமப்பூவுக்கு ஓர் ஒட்டகம் என்று யார் சொல்வது? இரண்டுக்கும் நடுவே நின்று தீர்ப்புச் சொல்லத்தான் தங்கக் காசும் வெள்ளிக் காசும் வந்தன என்கிறார் கஸ்ஸாலி. காசைத் தின்ன முடியாது, உடுத்த முடியாது. கை மாறுவதில்தான் அதன் பயன் இருக்கிறது. ஆகவே காசைப் பூட்டிவைப்பவன் ஊரின் நீதிபதியைச் சிறையில் அடைத்தவனுக்குச் சமம். பொன்னை உருக்கிச் சாப்பாட்டுத் தட்டு செய்பவன் அவனையும் விட மோசம், ஏனென்றால் நீதிபதியை அவன் எடுபிடி வேலைக்கு வைத்துவிட்டான். அந்த வேலைக்கு மண்ணும் இரும்பும் போதுமே. எளிமையை இங்கே அவர் ஏழைக்கோலம் போடும் துறவாகப் பார்க்கவில்லை. பொருளை அதன் வேலையைச் செய்யவிடுவதே எளிமை.

கஸ்ஸாலி சிந்தனையாகச் சொன்னதை ஜகாத் என்னும் கட்டாயக் கொடைச் சட்டம் எண்களில் வைத்திருக்கிறது. 85 கிராம் தங்கம், அதாவது பத்தரைப் பவுனுக்குச் சற்றே மேல், அல்லது அதற்கு ஈடான சேமிப்பு ஒரு சந்திர ஆண்டு முழுவதும் கையில் இருந்தால் அதில் நாற்பதில் ஒரு பங்கு, நூற்றுக்கு இரண்டரை, கொடுத்தாக வேண்டும் என்பது பரவலான கணக்கு. வெள்ளியை அளவுகோலாக எடுப்போரும் உண்டு. அவர்களுக்கு எல்லை 595 கிராம் வெள்ளி. பலர் இந்த இரண்டரை சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் விகிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரியும். மண்ணுக்கடியில் எதிர்பாராமல் கிடைத்த பழம்புதையலுக்கு ஐந்தில் ஒரு பங்கு. மழையிலேயே விளைந்த பயிருக்குப் பத்தில் ஒரு பங்கு. கிணற்றிலிருந்து நீர் இறைத்துப் பாய்ச்சி விளைவித்ததற்கு இருபதில் ஒரு பங்கு. சரக்கு வாங்கி, அலைந்து விற்று, நட்ட பயத்தோடு செய்யும் வணிகத்துக்கு நாற்பதில் ஒரு பங்கு. பாடு கூடக் கூடப் பங்கு பாதி பாதியாகக் குறைகிறது. இந்த ஒழுங்கை 14ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் அறிஞர் இப்னுல் கய்யிம் எடுத்துக்காட்டியிருக்கிறார்.

‘எல்லாம் இறைவன் தந்தது என்றால் என் உழைப்புக்கு என்ன மரியாதை’ என்று கேட்பவருக்கு இந்த வரிசையே பதில். கிணற்றடியில் சிந்திய வியர்வையைச் சட்டம் கண்டுகொள்கிறது, அதற்காகப் பாதியைக் கழிக்கவும் செய்கிறது. ஆனால் முழுவதையும் கழிப்பதில்லை. இறைத்தவன் கை அவனுடையது; கிணற்றில் ஊறிய நீர் அவன் செய்ததல்ல. கல்வியும் வேலையும் தேடி முன்னேறிய எவரும் இதே கேள்வியைத் தம்மிடம் கேட்டுக்கொள்ளலாம். என் உழைப்பில் வந்தது எவ்வளவு, பெற்றோர் போட்ட முதலிலும் ஆசிரியர் எடுத்த சிரமத்திலும் பிறந்த வீட்டின் வசதியிலும் வந்தது எவ்வளவு? மனிதருக்கு நன்றி சொல்லாதவர் இறைவனுக்கும் நன்றி சொன்னவராகார் என்று நபிகள் நாயகம் கற்பித்ததாக வரும் ஹதீஸ் இந்தக் கேள்வியைத்தான் எழுப்புகிறது.

அடுத்த ஆட்சேபம் இன்னும் பழையது: ‘இருப்பதே போதும்’ என்பவன் எப்படி முன்னேறுவான்? நபித்தோழர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபின் வரலாறு இதற்கு நல்ல சான்று. மக்காவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மதீனாவுக்கு வந்தவர் அவர். அங்கே சகோதரராக இணைக்கப்பட்ட சஅத் இப்னு ரபீஉ தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார். அவருக்காகப் பிரார்த்தித்துவிட்டு, கடைவீதிக்கு வழி மட்டும் கேட்டார் இவர். உலர்ந்த தயிர்க்கட்டியும் நெய்யும் விற்கத் தொடங்கி, சீக்கிரமே ஒரு பேரீச்சங்கொட்டை எடைத் தங்கத்தை மஹராக, அதாவது மணமகன் மணமகளுக்குத் தரும் மணக்கொடையாக, கொடுத்துத் திருமணம் செய்துகொண்டார். ஓர் ஆட்டையாவது அறுத்து விருந்து வை என்பது நபிகள் அவருக்குச் சொன்னது. பின்னாளில் அவர் பெருஞ்செல்வராகவும் பெருங்கொடையாளியாகவும் ஆனார். இன்னொரு தோழரான சஅத் இப்னு அபீ வக்காஸ் நோயில் கிடந்தபோது சொத்தின் மூன்றில் இரண்டு பங்கைத் தானமாக எழுத விரும்பினார். மூன்றில் ஒன்றே அதிகம், வாரிசுகள் பிறரிடம் கையேந்தும்படி விடாதே என்று நபிகள் தடுத்தார். போதும் என்ற மனம் உழைப்புக்குத் தடை போடவில்லை, குடும்பத்தின் நாளையையும் கைவிடவில்லை. ஒரேயடியாகப் பாய்வதைவிடச் சிறிதானாலும் விடாமல் செய்யும் செயலே இறைவனுக்கு விருப்பமானது என்ற இன்னொரு போதனை, இலட்சியம் வைப்பவருக்கு நடையின் வேகத்தையும் கற்றுத்தருகிறது.

எளிமைக்கு மேல்வரம்பு இருப்பதுபோலக் கீழ்வரம்பும் உண்டு. நபித்தோழர் அபுத் தர்தா பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்றிருந்தார்; அவருடைய மனைவி தம்மைக் கவனித்துக்கொள்வதையே விட்டிருந்தார். வீட்டுக்கு வந்த சக தோழர் சல்மான் அவரைச் சாப்பிடவைத்து, இரவில் தூங்கவைத்து, இறைவனுக்கும் உன் உடலுக்கும் உன் வீட்டாருக்கும் உன்மேல் உரிமை இருக்கிறது என்று எடுத்துச் சொன்னார். நபிகள் சல்மானின் பக்கமே நின்றார். மேல்வரம்பும் அதேபோலத் துல்லியமானது. தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் உளூவுக்கு நபிகள் எடுத்துக்கொண்ட நீர் ஒரு முத்து, இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. இன்றைய அளவில் முக்கால் லிட்டருக்கும் குறைவு. இன்று பள்ளிவாசல் குழாயைத் திறந்துவைத்தபடி பேசிக்கொண்டே உளூச் செய்பவர் அதைப்போல் பலமடங்கு நீரைச் சாக்கடைக்கு அனுப்புகிறார். அதன் பிறகு அவர் ஓதும் நன்றியில் கஸ்ஸாலி கேட்கும் மூன்றாம் படி இருக்காது.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் ஒன்று மீதமிருக்கிறது. நன்றி சொல், பொறுமையாக இரு என்பவை ஏழையின் வாயை அடைக்க வசதி படைத்தவர்கள் எப்போதும் பயன்படுத்திய சொற்கள் அல்லவா? உலக விஷயத்தில் உனக்கு மேலே இருப்பவரைப் பாராதே, கீழே இருப்பவரைப் பார் என்ற போதனையும் அப்படிப் பயன்பட்டதுண்டு. இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மரபுக்குள்ளேயே இதற்கு எதிர்க்குரல் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. கலீஃபா உஸ்மான் காலத்தில் நபித்தோழர் அபூதர், சிரியாவின் ஆளுநர் முஆவியாவின் முன்னாலேயே, பொன்னையும் வெள்ளியையும் குவிப்பவர்களைக் குர்ஆன் வசனத்தைக் காட்டிக் கண்டித்தார். கடைசியில் மதீனாவுக்கு வெளியே ரபதா என்ற ஒதுக்குப்புறத்தில் இறந்தார். ஜகாத் கொடுத்துவிட்ட செல்வம் குவிப்பாகாது என்று பெரும்பாலான அறிஞர்கள் அவரிடமிருந்து மாறுபட்டார்கள். கவனிக்க வேண்டியது இதுதான்: இருப்பவர் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்பதே அங்கே வழக்கு, இல்லாதவர் எவ்வளவு பொறுக்க வேண்டும் என்பதல்ல. செல்வத்தில் கேட்பவருக்கும் வறியவருக்கும் குறிப்பிட்ட உரிமை உண்டு என்கிறது குர்ஆன். கீழே இருப்பவரைப் பார்ப்பது ஆறுதலுக்காக மட்டுமல்ல, யாருக்குத் தர வேண்டியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளவும்தான்.

நடைமுறை இப்படியா இருக்கிறது என்று கேட்டால், பல இடங்களில் இல்லை. பேரீச்சங்கொட்டை எடையில் மஹர் கொடுத்த மரபைப் பேசிக்கொண்டே கைக்கூலி என்னும் வரதட்சணை வாங்கும் திருமணங்கள் தமிழ் முஸ்லிம்களிடையே உண்டு. ஓர் ஆட்டு விருந்து பல நூறு பேருக்கான பிரியாணியாக வீங்கி, மிச்சம் குப்பைக்குப் போவதும் உண்டு. நகைக்கான ஜகாத் கணக்கில் அறிஞர்களிடையேகூட ஒரே பதில் இல்லை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் செல்வாக்குள்ள ஷாஃபிஈ சட்டப்படி பெண்கள் அணியும் நகைக்கு ஜகாத் இல்லை. உள்நாட்டில் பரவலாக உள்ள ஹனஃபி சட்டப்படி உண்டு. ஒரே எடைச் சங்கிலிக்கு இரண்டு ஊரில் இரண்டு கணக்கு! ஆனாலும் இரு தரப்பும் கணக்குப் பார்க்கச் சொல்கின்றன என்பதுதான் முக்கியம். அந்தக் கணக்குக் கண்முன்னே நடப்பதைப் பார்க்க ரமலான் மாதம் பிற்பகல் அசர் தொழுகைக்குப் பின் எந்தப் பள்ளிவாசல் வாசலுக்கும் போகலாம். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால் சேர்த்துப் பெரிய தேக்சாவில் காய்ச்சிய நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு வரிசை நிற்கும். அதில் அக்கம்பக்கத்து இந்து, கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகளும் நிற்பார்கள். மலிவான பொருட்கள், யாரும் விலக்கப்படாத பங்கீடு, ஒரு மாதம் விடாத ஒழுங்கு. ஆடம்பர இஃப்தார் விருந்துகள் பெருகிவிட்ட காலத்திலும் இந்தக் கஞ்சி அவற்றைவிட நல்ல பாடமாக நீடிக்கிறது.

நன்றி என்பது இன்று மனநலத் துறையின் சொல்லாகவும் ஆகிவிட்டது. அமெரிக்க உளவியலாளர்கள் எம்மன்ஸ், மெக்கல்லோ 2003இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக்குரியவற்றை எழுதிவந்தவர்கள் தொல்லைகளை எழுதிவந்தவர்களைவிட நிறைவாக உணர்ந்ததாகத் தெரியவந்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்தப் பட்டியல் எழுதுபவரின் நிம்மதியோடு முடிந்துவிடலாம். இஸ்லாமிய மரபு பட்டியலின் எதிர்ப்பக்கத்தையும் நிரப்பச் சொல்கிறது: இது வந்தது, இதிலிருந்து இவ்வளவு போனது. அந்தக் கணக்கு எல்லோருக்கும் ஒரே தொகையைப் போடுவதுமில்லை. மனத்தால் மகிழ்வதும் வாயால் புகழ்வதும் எல்லோருக்கும் பொது. பணத்தால் நன்றி செலுத்த வேண்டியவர் ஜகாத் எல்லைக்கு மேலே இருப்பவர் மட்டுமே. எல்லைக்குக் கீழே இருக்கும் ஏழையின் பெயர் அதே ஏட்டில் வாங்குபவர் பக்கத்தில் வருகிறது. எனவே நன்றியோடு இரு என்று பிறருக்கு உபதேசிக்கப் புறப்படுபவர் முதலில் தம் சேமிப்பை எடைபோட்டுப் பார்க்க வேண்டும். எல்லையைத் தாண்டியிருந்தால் அந்த உபதேசம் முதலில் அவருக்கானது.