ரெயிலே வராத பழவேற்காட்டில் மறையாத 'கூ... கூ...' சத்தம்! கரி என்ஜின் காலத்து நினைவுகள்

பொன்னேரி,

பழவேற்காட்டுக்கு இன்று வரை ரெயில் கிடையாது. ரெயில் பிடிக்க வேண்டும் என்றால் சுமார் 20 கி.மீ. தள்ளி உள்ள பொன்னேரிக்குத்தான் வரவேண்டும். ஆனாலும் ஏரிக்கரை குப்பங்களில் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் 'கரி வண்டி' என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். பலருக்கு முகம் மலர்ந்துவிடும். பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டார்கள்.

ரெயில் வராத ஊருக்கும் கரி என்ஜினுக்கும் அப்படி என்ன உறவு?

கண்ணில் விழுந்த கரித்தூள்

சென்னையில் இருந்து மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா, சூலூர்பேட்டை வழியாக கூடூர் போகும் பாதை, ஏரிக்கு மேற்கே செல்கிறது. சென்னைக்கும் விஜயவாடாவுக்கும் இடையே 1899-ல் ரெயில் இணைப்பு கிடைத்தது. அதன்பின் டெல்லி செல்லும் ஜி.டி. எக்ஸ்பிரஸ், ஹவுரா மெயில் எல்லாம் இந்த வழியாகத்தான் ஓடின.

லைட்ஹவுஸ் குப்பம், கோட்டைக்குப்பம் பசங்களுக்கு ரெயில் பார்ப்பது என்பது திருவிழா மாதிரி. அம்மாவோடு மீன் கூடைக்குத் துணையாகப் போனால்தான் அந்த யோகம். ஜன்னல் ஓரம் உட்கார அடிதடி நடக்கும். தலையை வெளியே நீட்டினால் கண்ணில் கரித்தூள் விழும். வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமாகும். வீட்டுக்கு வந்தால் அதற்கும் சேர்த்து திட்டு விழும். ஆரம்பாக்கம் பக்கத்து நொச்சிக்குப்பம், பாட்டைக்குப்பம் பிள்ளைகளுக்கு ரெயில் பாதை கொஞ்சம் கிட்டே.

1947-ல் இந்தியாவுக்கு வந்த 'டபிள்யூ.பி.' ரக என்ஜின்தான் அந்தக் கால பசங்களின் ஹீரோ. துப்பாக்கிக் குண்டு போல கூர்மையான மூக்கு, அதில் ஒரு நட்சத்திரம். மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளை இழுத்தது இந்த ரகம்தான். கூட்ஸ் வண்டிக்கு 'டபிள்யூ.ஜி.' ரகம்.

'சிக்குபுக்கு' எப்படி வந்தது?

கரியை எரித்து, கொதிகலனில் உள்ள தண்ணீரை ஆவியாக்குவார்கள். அழுத்தம் ஏறிய அந்த ஆவி, என்ஜினின் இரண்டு பக்கமும் உள்ள சிலிண்டர்களில் புகுந்து பிஸ்டனை முன்னும் பின்னும் தள்ளும். பிஸ்டனோடு இணைந்த இரும்புத் தண்டு சக்கரத்தைச் சுற்றும். வேலை முடிந்த ஆவி புகைபோக்கி வழியாக 'குப்'பென்று வெளியேறும். இரண்டு சிலிண்டர் என்ஜினில் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் நான்கு தடவை இந்தச் சத்தம் வரும். அதுதான் நாம் சொல்லும் 'சிக்குபுக்கு'.

'கூ...' என்ற விசில் சத்தமும் ஆவியின் வேலைதான். டிரைவர் விசிலைத் திறந்தால் ஆவி பீறிட்டு ஊதும். இதற்கு நடுவே, அடுப்பு வெக்கையில் நின்று கரியை வாரி வாரிப் போட்ட பயர்மேன்களின் பாடு பெரும்பாடு. வழியில் நிறுத்தி தண்ணீர் வேறு பிடிக்க வேண்டும். யானைத் தும்பிக்கை மாதிரி இருக்கும் குழாயில் இருந்து தண்ணீர் கொட்டுவதைப் பார்க்கவே சிறுவர் கூட்டம் கூடிவிடும்.

சவுக்குத் தோப்பின் கதை

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. தென்னிந்தியாவில் முதல் பயணிகள் ரெயில் 1856-ல் ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அந்தக் காலத்தில் இங்கே என்ஜினுக்கு விறகையும் போட்டு எரித்தார்கள். நிலக்கரிக்கு எங்கெங்கோ போகவேண்டிய நிலை. விறகுத் தேவைக்காகவே 1860-களில் சென்னை மாகாணக் கடற்கரையில் சவுக்கு மரங்களை வளர்க்கத் தொடங்கினார்கள். இன்று கடலோர மணலில் நாம் சாதாரணமாகப் பார்க்கும் சவுக்குத் தோப்பு, ரெயில் என்ஜினின் பசிக்காக வந்த பயிர்!

அதே ரெயில்தான் இந்தப் பகுதியின் படகுப் போக்குவரத்துக்குப் போட்டியாகவும் வந்தது. 1806-ல் சென்னை - எண்ணூர் இடையே வெட்டத் தொடங்கிய கால்வாய், பின்னர் பழவேற்காடு ஏரியைத் தொட்டு ஆந்திரா வரை நீண்டது. 1878-ல் பக்கிங்காம் பெயர் வைக்கப்பட்ட அந்தக் கால்வாயில்தான் உப்பு, விறகு எல்லாம் படகில் சென்னைக்குப் போயின. ஸ்ரீஅரிகோட்டா காட்டு விறகும் இப்படித்தான் போனது. ரெயில் வந்ததும் சரக்கு மெல்ல மெல்ல தண்டவாளத்துக்கு மாறியது. 1965, 66-ம் ஆண்டுப் புயல்களில் கால்வாய் பலத்த சேதம் அடைந்தது. படகுக்காரர்களுக்கு கரி வண்டி வேடிக்கை மட்டும் அல்ல, வயிற்றுப் பிழைப்பில் கை வைத்த வண்டியும்கூட. மடவை, இறால், கருவாட்டுக் கூடையோடு பட்டணம் போன பெண்களுக்கோ அதே வண்டி சோறு போட்டது.

ஏன் நிறுத்தினார்கள்?

காரணம் செலவு. எரிக்கும் கரியின் சக்தியில் பத்தில் ஒரு பங்குகூட வண்டியை இழுக்கப் பயன்படாது. மீதி எல்லாம் புகையாகவும் சூடாகவும் வீணாகும். காலையில் வண்டி எடுக்க வேண்டும் என்றால் பல மணி நேரம் முன்பே அடுப்பு மூட்ட வேண்டும். டீசல், மின்சார என்ஜினில் இந்தத் தொல்லை இல்லை.

சித்தரஞ்சன் தொழிற்சாலையில் அகலப்பாதைக்கான நீராவி என்ஜின் தயாரிப்பு 1970-ல் முடிந்தது. சென்னை - கூடூர் பாதை 1980-ல் மின்மயமானது. நாடு முழுவதும் அகலப்பாதையில் வழக்கமான நீராவி ரெயில் சேவை 1995-ல் முடிவுக்கு வந்தது.

இப்போது எங்கே பார்க்கலாம்?

பிள்ளைகளுக்குக் காட்ட நினைப்பவர்கள் சென்னை ஐ.சி.எப். அருகே 2002-ல் திறக்கப்பட்ட ரெயில் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். பழைய நீராவி என்ஜின்கள் அங்கே நிற்கின்றன.

1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் தயாரான 'இ.ஐ.ஆர்.21' என்ஜின், நூறு ஆண்டுக்கு மேல் காட்சிப் பொருளாக நின்றது. பெரம்பூர் லோகோ பணிமனைத் தொழிலாளர்கள் அதைச் சரிசெய்து 2010-ல் மீண்டும் ஓட வைத்தார்கள். இன்னும் நிஜமாகவே பயணம் செய்ய ஆசை என்றால் மேட்டுப்பாளையம் - குன்னூர் மலை ரெயில் இருக்கிறது. 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான அந்தப் பாதையில் இன்றும் நீராவி என்ஜின்தான்.

இரும்பு என்ஜினை அருங்காட்சியகம் பார்த்துக்கொள்ளும். கூடையோடு கரி வண்டி ஏறிய பாட்டியின் கதையை யார் பார்த்துக்கொள்வது? 1980-ல் ஐந்து வயது குழந்தையாக இருந்தவருக்கே இப்போது ஐம்பது ஆகிவிட்டது. விவரமாகச் சொல்லக்கூடியவர்கள் அதைவிடப் பெரியவர்கள். வருடத்துக்கு வருடம் அவர்கள் எண்ணிக்கை குறைகிறது. எல்லார் கையிலும்தான் செல்போன் இருக்கிறதே! இந்த ஞாயிற்றுக்கிழமை வலை பின்னிக்கொண்டே தாத்தா பேசுவதை அரை மணி நேரம் பதிவு செய்து வையுங்கள்.